பாவம் என்றால் ஓடு

ஜூலை 6, ஞாயிறு

இன்று "தேவரீர்" என்ற சொல்லோடு மல்லுக்கட்டினேன். ஜெபத்திலும் பாட்டிலும் வாரம் தவறாமல் வந்துபோகிற சொல். அர்த்தம் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் முன்வரிசைக் குண்டன் எழுந்தே நின்றுவிட்டான்.

"சாமி தண்ணி, டீச்சர்."

தேவ நீர்! நான் சிரித்துத் தொலைத்தேன். அவனுக்குக் கோபம். "மீட்பர்னா யாரு, அதையாவது சொல்லு" என்று சமாதானக் கொடி காட்டினேன். "தீயணைப்பு வண்டியில வர்றவரு" என்றான். இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது.

இந்த வேலை எனக்கு எப்படி வாய்த்தது என்று நினைத்தால் இன்னும் சிரிப்பு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வசனத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியவில்லை, யாராவது வாரம் ஒரு சொல் சொல்லிக்கொடுங்கள் என்று பாஸ்டர் கூட்டத்தில் கேட்டார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. இலக்கணம் தெரியும் என்றா? வேதம் கரைத்துக் குடித்தவள் என்றா? இல்லை. வாய் ஓயாதவள் என்று. வாரத்தில் ஆறு நாளும் பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசை உத்தியோகம். அங்கே வருகிறவர்களால் வாயை ஒன்று திறக்க முடியாது, அல்லது மூட முடியாது. அவர்கள் பங்குக்கும் சேர்த்து நானே பேசிவிடுவது வழக்கம்.

கிளம்பும்போது பாஸ்டர் சொன்னார்: "அடுத்த வாரம் 'பாவம்' எடுங்க, சிஸ்டர்."

நல்லது. அனுபவம் உள்ள பாடம்.

ஜூலை 8, செவ்வாய்

"பாவம்னா என்னங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று ரேஷன் வைத்திருப்பவர்.

"ஓவர்லோடு," என்றார். பிறகு, பெரிய மனது பண்ணி, "மேல போகாது."

எங்கள் பாஸ்டர் அரைமணி நேரம் பேசினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் லிஃப்டை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

ஜூலை 13, ஞாயிறு

என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டிய நாள். வேறு யார் தட்டப்போகிறார்கள்!

வெள்ளைக் கைக்குட்டை, அதில் ஒரு சொட்டு மை. "இதுதான் பாவம். கடவுளுக்கு இது ஆகவே ஆகாது. பாவத்தைக் கண்டா நாம என்ன பண்ணணும்? தொடக் கூடாது. பக்கத்துல போகக் கூடாது. ஓடிப்போயிடணும்." அத்தோடு நிறுத்தியிருந்தால் அது எல்லா டீச்சரும் நடத்துகிற பாடம். நான் ஒரு விளையாட்டும் கண்டுபிடித்தேன். நான் நடுவே வேறு வேறு சொற்களைச் சொல்லிக்கொண்டே வருவேன்: கிருபை, அன்பு, சமாதானம். எல்லாரும் சும்மா நிற்க வேண்டும். திடீரென்று "பாவம்!" என்பேன். உடனே ஓடிப்போய் எதிர்ச் சுவரைத் தொட வேண்டும்.

அப்பப்பா, என்ன ஓட்டம்! நாற்காலி இரண்டு கவிழ்ந்தது. பெரியவர்கள் ஆராதனையிலிருந்து ஒருவர் வந்து எட்டிப்பார்த்து "ஷ்ஷ்" என்றார். இத்தனை வருஷத்தில் பிரசங்கம் கேட்டு இப்படிப் பாவத்தை விட்டு ஓடியவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

முதலில் சுவரைத் தொட்டவள் கடுகு. வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள். சிறுத்தாலும் காரம் போகாது என்பதற்கும், வேதத்தில் வருகிற அந்தச் சின்ன விதைக்கும் சேர்த்து நான் வைத்த பெயர். இப்போது அவள் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

முடிந்ததும் படிக்கட்டில் ஆர்கன் வாசிப்பவரின் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். கடுகின் அப்பா கதை அவளுக்கு முழுதாகத் தெரியாதாம். தெரியாதவர்களைத் தெரியாதவர்களாகவே விட்டுவைக்கும் கெட்ட குணம் எனக்கு இல்லையே! பார்சல் வண்டி ஓட்டுகிற மனுஷன். மழையில் வளைவில் வண்டி கவிழ்ந்து, கால் எலும்பு நொறுங்கி, வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருக்க, முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். நடக்கச் சொல்லி வாக்கர் கொடுத்திருக்கிறார்கள், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாராம். எல்லாம் சொல்லி முடித்து, "பாவம்! முழுக்க முழுக்கப் பாவம் அந்த மனுஷன்!" என்று முத்தாய்ப்பு வைத்தேன்.

அதே நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடுகு இறங்கி வந்தாள். கன்னத்தைக் கிள்ளப் போனேன். ஒதுங்கிக்கொண்டாள். கூச்சம்.

ஜூலை 16, புதன்

கடுகின் அம்மா கிளினிக்குக்கு வந்தாள். பேக்கரியில் கல்லாவில் நிற்பவள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாளாம், கடைவாய்ப் பல் கூசுகிறதாம். "உள்ளே கோபத்தை வைத்துப் பூட்டினால் பல்தான் பலியாகும்" என்று டாக்டர் எல்லாரிடமும் சொல்கிற வசனத்தை அவளிடமும் சொன்னார். வெளியே வந்து என் மேசையில் முழங்கையை ஊன்றினாள்.

"கோபம் எல்லாம் இல்லக்கா. பொண்ணு அவரைக் கண்டாலே ஓடுறா."

"எவரை?"

"அவ அப்பாவை. முன்னாடியெல்லாம் கட்டில்லயே கிடப்பா. இப்ப நாலு பேர் வந்து உட்கார்ந்தா, திடீர்னு எழுந்து சமையல் ரூமுக்கு ஓடிடறா. சுவத்துல கைய வெச்சுக்கிட்டு நிக்கிறா. ரெண்டு நாளா அந்த ரூமுக்குள்ளயே போறதில்ல. கம்பியப் பார்த்துப் பயப்படறான்னு நினைச்சுக்கிட்டு, இவரு போர்வைய இழுத்து இழுத்து மூடிக்கிறாரு. இந்த வெக்கையில, கழுத்து வரைக்கும். நேத்து சொல்றாரு, நான் வேற எங்கயாவது போய்ப் படுத்துக்கட்டுமான்னு."

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நான் டிஷ்யூ கொடுத்தேன். அத்தோடு நிறுத்தினேனா? அறிவுரையும் கொடுத்தேன். "பயத்தை வளரவிடாதே. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு. பழகிடும்."

என்ன ஞானம்! மேசையில் பெயர்ப்பலகை இல்லாததுதான் குறை.

ஜூலை 18, வெள்ளி

கடுகின் அம்மாவிடமிருந்து போன். தொடச் சொன்னார்களாம். அலறி, அம்மா கையைக் கடித்துவிட்டு ஓடிவிட்டாளாம். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் சாப்பிடக்கூடத் திரும்பவில்லையாம்.

எனக்கும் ஒரு வாய் இறங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எழுத உட்கார்ந்து, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றைய சொல் "பொறுமை". ஆரம்பிக்கும்முன் குண்டன் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றான். இன்னொன்று வழியில் அறுந்துபோனதாம். "அச்சச்சோ, பாவம்!" என்றேன்.

வகுப்பு மொத்தமும் எழுந்து ஓடியது. குண்டனும் ஓடினான், ஒற்றைச் செருப்போடு, எல்லாரையும்விட வேகமாக. சிரிப்பும் கூச்சலுமாகச் சுவரைத் தொட்டு நின்றார்கள். கடுகு மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் அழுத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

சுவத்துல கைய வெச்சுக்கிட்டு நிக்கிறா — அவள் அம்மா சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

பக்கத்தில் போய்க் குனிந்தேன். "கடுகு, வீட்டுலயும் இந்த விளையாட்டு விளையாடுறியா?"

"விளையாட்டு இல்ல டீச்சர்."

"வீட்டுல பாவம் எங்க இருக்கு?"

"கட்டில்ல."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. அத்தை தினம் வந்து சொல்றாங்க. பால் போடற மாமா சொல்றாரு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நீங்களும்தானே சொன்னீங்க. படிக்கட்டுல. முழுக்க முழுக்கப் பாவம்னு."

தரை ஏன் பிளக்கவில்லை என்று தெரியவில்லை.

"அது வேற பாவம்டா கண்ணு, இது வேற பாவம்."

"அது எப்படி எழுதணும்?"

"அதே மாதிரிதான்."

"அப்ப எது எதுன்னு எப்படித் தெரியும்?"

ஐம்பதை எட்டப்போகிறேன், பிறந்ததிலிருந்து இந்த மொழியைத்தான் பேசுகிறேன், ஒரு நாளைக்கு ஒரு வண்டி பேசுகிறேன். பதில் இல்லை. தாறுமாறாக ஏதேதோ சொன்னேன்: ஒன்று தப்பு செய்வது, இன்னொன்று கஷ்டப்படுவது, அப்பா கஷ்டப்படுகிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்பு பண்ணாததுக்கு ஏன் கம்பி குத்தினாங்க?" என்றாள்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "நுணலும்," என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். தன் வாயால் கெடும் என்ற மிச்சத்தை ரேஷனில் பிடித்துக்கொண்டார். ஆனால் இங்கே நுணல் கெடவில்லையே. நுணல் கொழுகொழுவென்று இருக்கிறது. கெட்டது கட்டிலில் கிடக்கிற மனுஷன்.

ஜூலை 22, செவ்வாய்

கிளினிக் முடிந்து பாஸ்டரைப் பார்க்கப் போனேன். சின்ன வயசுக்காரர், என் தம்பியாக இருக்கக்கூடியவர். நான் சொன்னதைக் கேட்டதும் எழுந்து ஒரு தடித்த அகராதியை எடுத்தார். வடமொழி வேர் என்றார், பொருள் திரிந்த விதம் என்றார். ஒரு பக்கம் முழுக்க வாசித்தார்.

"பாஸ்டர், இதையெல்லாம் அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னா என் கையையும் கடிச்சிடும்."

அகராதியை மூடினார். "சொல்லுல தப்பு இல்ல சிஸ்டர். அந்த ஓட்டத்துலதான் ஒரு பிசகு. தப்பான காரியத்தை விட்டு ஓடச் சொல்லலாம். ஆளை விட்டு ஓடச் சொல்லலாமா?"

"ரெண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டுல்ல வருது? பிள்ளைக்கு எப்படிப் பிரிச்சுப் பார்க்கத் தெரியும்?"

"நமக்கே தெரியறதில்லையே," என்றார். "சிறைக்குப் போய்ட்டு வந்தவரு ஒருத்தர் கொஞ்ச நாள் நம்ம ஆராதனைக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கா? அவர் உட்கார்ந்த பெஞ்சுல வேற யாராவது உட்கார்ந்தாங்களா?"

ஞாபகம் இருக்கிறது. யாரும் உட்காரவில்லை. நானும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆறுதல் தேடி வந்தால் மனுஷன் அடிமடியில் கை வைக்கிறாரே என்று.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். நடக்கும்போது வேறொன்று உறைத்தது. பாவம் செய்தவரை விட்டுத்தான் ஓடுகிறோமா? ஒருவரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்கிறோமே, அப்போது என்ன செய்கிறோம்? உச்சுக்கொட்டுகிறோம், தலையை ஆட்டுகிறோம், நல்லவேளை நமக்கு இல்லை என்று உள்ளுக்குள் ஓர் அடி பின்னால் வைக்கிறோம். அவர் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். சொல்லி முடித்ததும் கடமை முடிந்தது. படிக்கட்டில் நான் சொன்னேனே, அதற்கு முன்னாலோ பின்னாலோ அந்த வீட்டுக்கு ஒரு தடவையாவது போனேனா? தெருக்கோடி வீடுதான்.

கடுகு ஓடுகிறாள் என்று சொல்கிறோம். அவள் காலால் ஓடுகிறாள், அவ்வளவே வித்தியாசம்.

போய்ச் சொல்லிவிட வேண்டும். அவள் அம்மா என்னைக் கடித்துத் துப்புவாள். பல்லைக் கடிப்பதைவிட அது அவளுக்கு நல்லது.

ஜூலை 24, வியாழன்

போனேன்.

முன்னறையில் மின்விசிறி சுற்றுகிறது, வெக்கை இறங்கவில்லை. அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்து, வியர்த்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூலையில் வாக்கர், புதுக் கருக்கு அழியாமல்; துண்டு காயப்போடுகிற கொடியாகியிருந்தது. கடுகு உள்ளறையில் இருப்பது கதவிடுக்கில் தெரிந்த ஒரு கால் கட்டைவிரலால் தெரிந்தது. அவள் அம்மா பேக்கரிச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

"தம்பி, பாப்பா ஓடறது உங்க காலைப் பார்த்து இல்ல. என் வாயைக் கேட்டு."

கைக்குட்டை, மை, விளையாட்டு, படிக்கட்டு, எல்லாம் சொன்னேன். முடிக்கும்முன் அவள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்க்கா, உங்களுக்கு வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே முடியாதா? எம் புருஷன் கதை உங்களுக்குப் படிக்கட்டுல பேசறதுக்கா? அதுவும் இல்லாம, தொட்டுப் பார்க்கச் சொல்லு, பழகிடும்னு வைத்தியம் வேற!"

"நீ சொல்றது எல்லாம் சரிம்மா."

"சரின்னு வேற சொல்றாங்க பாருங்க!"

அவர் மெதுவாகத் திரும்பினார். விபத்துக்குப் பிறகு அவர் முகத்தை இன்றுதான் பார்த்தேன். தாடி மண்டியிருந்தது.

"காலைப் பார்த்து இல்லையா?" என்றார்.

"இல்ல தம்பி."

"நிசமா? கம்பியப் பார்த்து இல்லையா?"

"கம்பி அவளுக்கு ஒரு பொருட்டே இல்ல. 'பாவம்'கிற வார்த்தைதான்."

போர்வையை எடுத்து அப்பால் போட்டார். காலை அவரே ஒருமுறை பார்த்துக்கொண்டார், யாரோ திருப்பிக் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல.

அந்த நேரம் பார்த்து வாசலில் அழுகை கேட்டது. அவருடைய அக்கா. தினமும் இந்த நேரத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போவது அந்த அம்மாளின் நியமம். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்: "ஐயோ என் தம்பி... இப்படிக் கிடக்கிறியே... பாவமே!"

உள்ளறையிலிருந்து சமையலறைக்குத் தடதடவென்று சின்னக் கால்கள் ஓடின.

அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"குட்டி!" என்று கூப்பிட்டார். "எங்க ஓடற?"

சமையலறையில் ஓட்டம் நின்றது.

"இரு, இரு, நானும் வரேன். எனக்கும் இந்த வார்த்தை ஆகாது. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. அத்தை மறுபடி சொல்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஓடிடலாம்!"

காலைத் தரையில் இறக்கினார். வாக்கரை எட்டி இழுத்தார், துண்டு கீழே விழுந்தது.

"என்னங்க! என்ன பண்றீங்க!" என்று மனைவி பாய்ந்தாள். அவர் கையால் தடுத்தார். எழுந்தார். ஆடினார். நின்றார்.

"ஐயோ, தம்பி, பா—" என்று அக்கா ஆரம்பித்தார். நான் அவர் வாயைப் பொத்திவிட்டேன். சத்தியமாக. முன்பின் பழக்கமில்லாத பெரிய மனுஷி, அவர் வாயில் என் கை. அடுத்தவர் வாயை அடக்க எனக்கு என்ன யோக்கியதை! ஆனால் விடவில்லை. கண்ணீர் என் விரல்மேல் வழிந்தது, அப்போதும் விடவில்லை.

டக். ஓர் அடி. டக். இன்னொன்று. முகம் வெளிறி, பல்லைக் கடித்துக்கொண்டு, மனுஷன் சமையலறையைப் பார்த்து நடக்கிறார். வாசற்படியில் கடுகு தெரிந்தாள். சுவரிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"அப்படி இல்லப்பா! முதல்ல அத முன்னாடி வைக்கணும். அப்புறம்தான் கால். ஆஸ்பத்திரி அக்கா சொல்லிக்கொடுத்தாங்கல்ல!"

"அப்படியா? இப்படியா?"

"பாத்து, பாத்து! விழுந்துடுவீங்க!"

ஓடினாள். இந்தத் தடவை இந்தப் பக்கமாக. வாக்கரின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். அதனால் எந்த உபயோகமும் இல்லை, இடைஞ்சல்தான். அவர் அவள் வேகத்துக்கு வாக்கரை நகர்த்தினார்.

பின்வாசல் வரை போனார்கள். அங்கே படியில் அவரை உட்காரவைக்க மூன்று பெண்கள் தேவைப்பட்டோம். பிறகு மூவரும் உள்ளே வந்து நின்றுகொண்டோம், யாரும் யாரையும் பார்க்காமல். ஒட்டுக்கேட்பது என் தொழில் என்பதால் நான் கதவோரம் நின்றேன்.

"அப்பா, நீங்க பாவமா?"

வாக்கரைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"ஆமாடா. கொஞ்சம் அந்தப் பாவம், கொஞ்சம் இந்தப் பாவம். எல்லாரும் அப்படித்தான்."

"அத்தையுமா?"

"அத்தை ரொம்ப."

"டீச்சர்?"

அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தது மட்டும் நன்றாகக் கேட்டது.

கெட்டுத் திரும்பிய மகனை ஓடிவந்து கட்டிக்கொண்ட, வேதத்தில் வருகிற தகப்பன் ஒருவரைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் கதை சொல்லியிருக்கிறேன். நடந்துவந்தவரை இன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

வகுப்பில் முதல் வேலையாக, "'பாவம்' பாடத்தை டீச்சர் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றேன். பிள்ளைகளுக்கு ஏகக் குஷி. குண்டன் "ஸ்தோத்திரம்!" என்று கூவினான்.

ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது என்றேன். ஒருவர் தப்பு செய்தாலும் பாவம் என்கிறோம், அடிபட்டுக் கிடந்தாலும் பாவம் என்கிறோம். கடவுள் நம்மைப் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார். பார்த்துவிட்டு ஓடிப்போகவில்லை. கிட்டே வந்தார். மற்றதெல்லாம் எனக்கும் சரியாகத் தெரியாது, தெரிந்ததும் சொல்கிறேன்.

இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் சொன்னதே இல்லை. பிறகு குண்டன் கேட்டான், அவனுக்கு எது முக்கியமோ அதை.

"அப்ப விளையாட்டு கிடையாதா டீச்சர்?"

"உண்டு."

"எந்தப் பக்கம் ஓடணும்?"

"விழுந்தவங்க பக்கம்."

உடனே அறை முழுக்க எல்லாரும் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். ஓடுவதற்கு ஒரு ஆள் மிஞ்சவில்லை. திருச்சபையின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

கடுகு வந்திருந்தாள். விழவில்லை, ஓடவுமில்லை. விழுந்து கிடந்த ஒவ்வொருத்தரையும் "எங்க வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டு போனாள்.

அவள் அம்மா என்னோடு பேசவில்லை. கூட்டிப்போக வந்தவள், என் தலைக்கு மேலே இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஆர்கன்காரர் மனைவி போன் பண்ணினாள். அந்த வீட்டில் என்னமோ ரகளையாமே, நீயும் இருந்தாயாமே, சொல்லேன் என்றாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அழுகை அக்கா வாயைப் பொத்திய இடம் ஒன்றே போதும், அரைமணி நேரம் ஓடும்.

"அடுப்புல ஏதோ தீயுது" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பே பற்றவைக்கவில்லை. பொய். அது ஒரு பாவம். ஒன்றைத் தவிர்க்க இன்னொன்று. இந்த வயதில் திருந்துவது எவ்வளவு செலவு பிடிக்கிற காரியமாக இருக்கிறது!

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடுகின் அம்மா வந்தாள். கடைவாய்ப் பல்லுக்கு மறுபார்வை. "வாங்க" என்றேன், "உக்காருங்க" என்றேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திரும்பிப் போகும்போது மேசையருகில் நின்றாள்.

"இன்னும் கோபமாத்தான் இருக்கேன்க்கா."

"இரும்மா. உள்ள வெச்சுப் பூட்டாம இரு, அது போதும்."

"தெருமுனை வரைக்கும் நடக்கிறாரு," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

மத்தியானம் கிளினிக் கதவை யாரோ குச்சியால் தள்ளித் திறந்தார்கள். கடுகின் அப்பா. சவரம் செய்த முகம். வாக்கர் போய்க் கைத்தடி வந்திருக்கிறது. மறுகையில் கடுகு, தாடையைப் பிடித்துக்கொண்டு. பால்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப்பல் முளைத்துவிட்டதாம், எடுத்தாக வேண்டும்.

"வலிக்குமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

"வலிக்கவே வலிக்காது. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

கதவு சாத்தியது. பிறகு வந்த அலறலில் காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். கதவு திறந்தபோது அவர் முன்னால் வந்தார், அடி வாங்கியவர் மாதிரி. பின்னால் அவள், வாயில் பஞ்சு, கண்ணெல்லாம் சிவந்து. நேரே என் மேசைக்கு வந்தாள். பஞ்சைக் கையில் எடுத்தாள்.

"டீச்சர், எங்கப்பா பொய் சொல்லிட்டாரு. வலிச்சுது. பொய் சொன்னா பாவம்தானே?"

"பாவம்தான்." அவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "அப்புறம் என்ன பண்ணின?"

அவளும் திரும்பி அவரைப் பார்த்தாள். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

"என்ன பண்றது," என்றாள். "பாவம். விட்டுட்டேன்."

பஞ்சைத் திரும்ப வாயில் அடக்கிக்கொண்டு, போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி இருக்கிற காலின்மேல் முழு பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாள். அவருக்கு வலித்திருக்கும். அசையவில்லை.

உள்ளேயிருந்து டாக்டர் அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி மணி அடித்துக்கொண்டே இருந்தார்.